மூன்றாம் வகுப்பில் குழந்தை கற்பது என்ன?

மும்பை மாநகரின் கிழக்கு ஓரத்தில், டிராம்பே குன்றுகளை அடுத்து அமைந்திருப்பது அணுசக்தி நகர். பாபா அணு ஆராய்ச்சி நிலையத்திலும் அதனைச் சார்ந்த அலுவலகங்களிலும் பணியாற்றுவோர் குடும்பத்துடன் வாழும் குடியிருப்பு இது. பாரதத்தின் எல்லா மொழிகளையும் அதன் மாடிப்படிகளில் கேட்கலாம். தமிழும் அங்கே குறைவின்றி ஒலிக்கிறது. கல்பாக்கத்திலிருந்தும் கூடங்குளத்திலிருந்தும் மாற்றலாகி வந்தவர்கள் உண்டு. திருமணமாகி நேரே நாகர்கோவிலிலிருந்தோ தஞ்சையிலிருந்தோ வந்து சேர்ந்த இல்லத்தரசிகளும் உண்டு.

அத்தகைய இல்லம் ஒன்றில் ஒரு மாலை நிகழ்ந்ததைக் கூறி நம் பேச்சைத் தொடங்குகிறோம். மூன்றாம் வகுப்புப் படிக்கும் சிறுவன் இந்திப் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, "அம்மா, உன்தீஸாம் பக்கத்தைப் படித்து வரச் சொன்னார்கள். உன்தீஸ் என்றால் எத்தனை?" என்று கேட்டான். அன்னைக்குத் தெரியவில்லை. தமிழ் வழியில் பன்னிரண்டாம் வகுப்பு வரை நன்கு படித்தவர் அவர். மும்பைக்கு வந்து மூன்று ஆண்டுகளே ஆகியிருந்தன. சிறுவன் புத்தகத்தை மூடினான். "சரிம்மா, அப்பா வந்ததும் கேட்டுக்கொள்கிறேன்" என்று கூறி விளையாடப் போய்விட்டான். "அன்றோடு அவன் என்னிடம் பாடம் கேட்பதே நின்றுபோயிற்று, அண்ணா. இனி நான் அவனுக்கு எதைச் சொல்லிக் கொடுக்க முடியும்?" என்று அந்த அம்மையார் நம்மிடம் வருந்தினார்.

பிற மாநிலங்களில் வாழும் தமிழ்த் தாய்மார் பலருக்கு இந்த வருத்தம் உண்டு. பள்ளியின் மொழி வேறு, வீட்டின் மொழி வேறு என்றாகும்போது, கல்வி என்பது தம் கைக்கு எட்டாத பொருள் என்று அவர்கள் ஒதுங்கிவிடுகிறார்கள். இந்த ஒதுக்கம் தேவைதானா? மூன்றாம் வகுப்பில் குழந்தை உண்மையில் கற்பது என்ன என்பதைச் சற்று நிதானமாக ஆராய்ந்தால் இதற்கு விடை கிடைக்கும்.

முதலில், மூன்றாம் வகுப்புக்கு அப்படி என்ன தனிச் சிறப்பு என்று கேட்கலாம். 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, பள்ளிக் கல்வியை நான்கு நிலைகளாகப் பகுத்தது. மூன்று வயதில் தொடங்கி இரண்டாம் வகுப்பு முடிய அடித்தள நிலை. மூன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை ஆயத்த நிலை. அதன்பின் நடுநிலையும் இடைநிலையும். ஆகவே மூன்றாம் வகுப்பு என்பது ஒரு வாசற்படி. அதுவரை குழந்தை படிப்பதற்குக் கற்கிறது. அதற்குப் பின் கற்பதற்குப் படிக்கிறது. முதலிரண்டு வகுப்புகளில் மொழியும் கணக்குமே பாடங்கள். மூன்றாம் வகுப்பில்தான் சுற்றுப்புற உலகைப் பற்றிய பாடம் தனி நூலாகக் குழந்தையின் கையில் வருகிறது.

அணுசக்தி நகரிலுள்ள அணுசக்தி மத்தியப் பள்ளிகளை நடத்துவது 1969ஆம் ஆண்டில் தோற்றுவிக்கப்பட்ட அணுசக்திக் கல்விக் கழகம். கல்பாக்கம், கூடங்குளம், தாராப்பூர், ராவத்பாட்டா முதலிய இடங்களிலும் இதன் பள்ளிகள் உள்ளன. மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் பாடத்திட்டமே எங்கும் பின்பற்றப்படுவதால், தந்தை கடலோரம் விட்டுக் கடலோரம் மாற்றலானாலும் குழந்தையின் பாடநூல் மாறுவதில்லை. தேசியக் கல்வி ஆராய்ச்சி பயிற்சிக் குழு 2024ஆம் ஆண்டில் மூன்றாம் வகுப்புக்குப் புதிய நூல்களை வெளியிட்டது. ஆங்கிலத்துக்குச் 'சந்தூர்', இந்திக்கு 'வீணா', கணக்குக்கு 'கணித மேளா', கலைக்குப் 'பான்சுரி', உடற்பயிற்சிக்குக் 'கேல் யோகா' என்று அவற்றுக்குப் பெயர். சுற்றுப்புறப் பாடத்தின் பெயர் 'நமது அற்புத உலகம்' என்று பொருள்படும். இனி இவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

மொழிப் பாடம்

மூன்றாம் வகுப்பின் இறுதியில் குழந்தைக்கு எவ்வளவு படிக்க வரவேண்டும்? 2021ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற 'நிபுண் பாரத்' இயக்கம் இதற்கு ஓர் அளவு வகுத்துள்ளது. தன் வயதுக்கேற்ற, முன்பின் அறியாத ஒரு பகுதியை நிமிடத்துக்கு அறுபது சொற்களாவது பிழையின்றி, பொருளுணர்ந்து படிக்க வேண்டும் என்பது அது. 'முன்பின் அறியாத', 'பொருளுணர்ந்து' என்னும் இரண்டு சொற்களையும் பெற்றோர் மனத்தில் கொள்ள வேண்டும். நம் பிள்ளைகள் பலர் பாடத்தைக் கேட்டுக் கேட்டே மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். பக்கத்தைப் பார்த்தவாறு கடகடவென்று ஒப்பிக்கும்போது, படிக்கிறார்கள் என்றே நாம் எண்ணி மகிழ்கிறோம். நடுவில் ஒரு வரியைச் சுட்டி, "இது என்ன சொல்கிறது?" என்று கேட்டால்தான் உண்மை விளங்கும். அந்தக் கேள்வியைத் தமிழிலேயே கேட்கலாம்; விடையையும் தமிழிலேயே பெறலாம். குழந்தை தான் இந்தியில் படித்த கதையைத் தாய்க்குத் தமிழில் கூறுமானால், அதனைவிடச் சிறந்த பொருளறி சோதனை பிறிதில்லை. மொழிபெயர்ப்பை நாள்தோறும் செய்துவரும் நாம் இதனை அனுபவத்தால் கூறுகிறோம்: பொருள் விளங்காத வாக்கியத்தை எவராலும் வேறு மொழியில் சொல்ல இயலாது.

எழுத்தறிவைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இந்தி படிக்கும் குழந்தைக்குத் தமிழ் எழுத்தும் சேர்ந்தால் குழப்பம் என்று சிலர் அஞ்சுகின்றனர். உண்மை இதற்கு மாறானது. தேவநாகரியும் தமிழும் ஒரே முறையில் அமைந்தவை. மெய்யோடு உயிர் சேரும்போது மெய்யெழுத்தின் முன்னோ பின்னோ மேலோ கீழோ ஒரு குறி ஏறும் என்பதை மூன்றாம் வகுப்புக் குழந்தை இந்தியிலேயே கற்றுவிட்டது. அம்முறை தெரிந்த குழந்தைக்குத் தமிழின் 247 எழுத்துகள் மலைப்பானவை அல்ல. பன்னிரண்டு உயிரும் பதினெட்டு மெய்யும் அவற்றின் குறிகளும் தெரிந்தால் போதும். வேறுபாடுகளை மட்டும் எடுத்துக் காட்ட வேண்டும். இந்தியில் நான்காக இருக்கும் ககரம் தமிழில் ஒன்றே. இந்தியில் தனி எழுத்தில்லாத எகர ஒகரக் குறில்கள் தமிழில் உண்டு. ளகரம் மராத்தியிலும் இருப்பதால் மும்பைக் குழந்தைக்கு அது புதிதன்று. ழகரமும் றகரமுமே பழக வேண்டியவை. ஆதலின் தமிழ் எழுத்தைத் தொடங்குவதற்கு மூன்றாம் வகுப்பு மிக ஏற்ற காலம்.

கணக்கு

இப்பொழுது அந்த 'உன்தீஸ்' என்னும் சொல்லுக்கு வருவோம். அதன் பொருள் இருபத்தொன்பது. 'முப்பதுக்கு ஒன்று குறைவு' என்பதே அச்சொல்லின் உட்கருத்து. இந்தியில் ஒன்று முதல் நூறு வரையுள்ள எண்ணுப்பெயர்களைப் பெரும்பாலும் தனித்தனியே மனத்தில் இருத்த வேண்டும். இருபத்தேழு சத்தாயீஸ், முப்பத்தேழு சைந்தீஸ், ஐம்பத்தேழு சத்தாவன், எழுபத்தேழு சதத்தர். ஏழு என்னும் எண் ஒவ்வொன்றிலும் வேறு வேடம் பூண்டு வருகிறது. மராத்தியிலும் இதே நிலைதான். மகாராஷ்டிரத்தின் பாடநூல் நிறுவனமான பாலபாரதி, 2019ஆம் ஆண்டில் இரண்டாம் வகுப்புக் கணக்கு நூலில் 'சத்தாவீஸ்' என்பதற்குப் பக்கத்தில் 'வீஸ் சாத்', அதாவது 'இருபது ஏழு', என்று படிக்கும் முறையையும் சேர்த்தது. குழந்தைகளுக்கு எளிதாகட்டும் என்பது நோக்கம்; அதைக் குறித்து மாநிலமெங்கும் பெரும் விவாதமே எழுந்தது.

தமிழில் அந்த எளிமை இயல்பாகவே அமைந்துள்ளது. இருபது என்பது இரு பத்து. இருபத்தேழு என்பது இரு பத்தும் ஏழும். 'முந்நூற்று நாற்பத்தைந்து' என்று வாயால் சொல்லும்போதே மூன்று நூறு, நான்கு பத்து, ஐந்து ஒன்று என்று இடமதிப்பு காதில் விழுகிறது. தொண்ணூறும் தொள்ளாயிரமும் மட்டும் சற்று விலகி நிற்கும். மூன்றாம் வகுப்புக் கணக்கின் உயிர்நாடியே இந்த இடமதிப்புத்தான். நூறுகளைக் கொண்டு எண்ணவும், கூட்டவும், கழிக்கவும், 9999 வரையுள்ள எண்களை எழுதவும் படிக்கவும், எளிய பெருக்கல் கணக்குகளைச் செய்யவும் குழந்தைக்கு வரவேண்டும் என்பதே நிபுண் இலக்கு. இதில் தடுமாறும் குழந்தையிடம் தமிழில் எண்ணச் சொல்லிப் பாருங்கள். விடை பிறந்தபின் அதன் இந்திப் பெயரையும் ஆங்கிலப் பெயரையும் குழந்தையே தேடிக்கொள்ளும்.

பெருக்கலும் வகுத்தலும் இவ்வாண்டில்தான் வேரூன்றுகின்றன. புதிய நூல் பெருக்கலை வாய்பாட்டிலிருந்து தொடங்குவதில்லை; ஒரே அளவான கூட்டங்களைச் சேர்ப்பதிலிருந்து தொடங்குகிறது. வாசலில் ஐந்து வரிசை, வரிசைக்கு ஐந்து புள்ளி என்று கோலம் இடும் தாயின் விரல் நுனியில் இருப்பதும் அதுவே. கோலத்தின் நடுவே ஒரு கோடு கிழித்து, இடப்புறமும் வலப்புறமும் ஒன்றேபோல் இருப்பதைக் காட்டினால் சமச்சீர் என்னும் பாடமும் முடிந்தது. இவ்வாறு பொருள் விளங்கியபின், ஈரிரண்டு நான்கு, மூவிரண்டு ஆறு என்று பாடமாக்கும் பழைய முறையும் பயன்படும்.

பின்னமும் நேரமும் இதே வகுப்பில் வருகின்றன. குழந்தை அரையையும் காலையும் அறிகிறது. இங்கேயும் மொழிகளின் போக்கு வெவ்வேறு. மணி நான்கே முக்கால் என்கிறோம் நாம். நான்கைக் கடந்து எவ்வளவு ஆயிற்று என்பது நம் கணக்கு. அதனையே இந்தியில் 'பௌனே பாஞ்ச்' என்பார்கள். ஐந்துக்கு எவ்வளவு குறைவு என்பது அவர்கள் கணக்கு. நான்கேகால் 'சவா சார்'. நான்கரை 'சாடே சார்'. ஆனால் ஒன்றரைக்கு 'டேட்', இரண்டரைக்கு 'டாயீ' என்று தனிச் சொற்கள். செம்பூர்க் கடைவீதியில் 'டாயீ சௌ' என்று கேட்டுவிட்டு இருநூறு ரூபாயை நீட்டாத தமிழர் குறைவு, அது இருநூற்றைம்பது. ஒரே கடிகார முள்ளை இரு மொழியில் இரு விதமாகக் காணப் பழகிய குழந்தைக்குக் கூட்டலும் கழித்தலும் ஒரே உண்மையின் இரு முகங்கள் என்பது விரைவில் புலனாகும். இரு மொழி வீட்டில் பிறந்த குழந்தைக்குக் கிடைக்கும் செல்வம் இது, சுமை அன்று.

அளத்தலை நூல் எவ்வாறு கற்பிக்கிறது என்பதையும் காண்போம். முதலில் சாணாலும் அடியாலும் அளக்கச் சொல்கிறார்கள்; பின்னரே மீட்டரும் சென்டிமீட்டரும். ஏன்? மாதுங்கா கடைத்தெருவில் முழம் போட்டுப் பூ வாங்கும் தமிழ்ப் பெண்ணுக்கு அதன் காரணம் நன்கு தெரியும். நெட்டையான பூக்காரரின் முழமும் குட்டையானவரின் முழமும் ஒன்றல்ல. எல்லாருக்கும் பொதுவான அளவு வேண்டும் என்னும் தேவையை உணர்ந்தபின் மீட்டர் தானாகவே பொருளுடையதாகிறது. சமையலறையில் பழைய படி இருந்தால் அதையும் எடுத்து வைக்கலாம். ஒரு படியில் பாதி உரி, அதில் பாதி உழக்கு, அதில் பாதி ஆழாக்கு. எட்டு ஆழாக்கு ஒரு படி. அரை, கால், அரைக்கால் என்னும் பின்னங்களைக் குழந்தை அரிசியை அளந்தே கற்றுவிடலாம்.

சுற்றுப்புற உலகம்

மூன்றாவதான பாடமே பெற்றோருக்கு மிகவும் கை கொடுப்பது. குடும்பமும் சமூகமும், நம்மைச் சுற்றியுள்ள உயிர்கள், இயற்கையின் கொடைகள், நம்மைச் சுற்றியுள்ள பொருள்கள் என நான்கு பகுதிகள் அதில் உள்ளன. தாவரங்களைக் கவனித்தல், தண்ணீர், உணவு, உடல்நலம், பொருள்களைச் செய்தல், கழிவுகளைப் பேணுதல் ஆகியவை பாடங்கள். இவற்றை மனப்பாடம் செய்து பயனில்லை; சன்னலுக்கு வெளியே பார்க்க வேண்டும்.

அப்படிப் பார்ப்பதற்கு அணுசக்தி நகர் மிகப் பொருத்தமான இடம். மான்குர்டிலிருந்து வாஷிக்குச் செல்லும் ரயில் தாணே உப்பங்கழியைக் கடக்கிறது. குளிர்காலத்தில் அதன் சேற்றுப்பரப்பில் பூநாரைகள் ஆயிரக்கணக்கில் கூடும். 2015ஆம் ஆண்டில் அது பூநாரைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2022ஆம் ஆண்டில் ராம்சர் ஈரநிலப் பட்டியலிலும் இடம்பெற்றது. அதே பூநாரை கோடியக்கரைக்கும் வருகிறது. "நம் ஊர்க் கடற்கரைக்கு வரும் பறவை இங்கும் வருகிறது பார்" என்று ஒரு தாய் சொல்வாளானால், புலம்பெயர்தல் என்னும் அரிய கருத்து எட்டு வயதுக் குழந்தைக்கு ஒரே நொடியில் விளங்கிவிடும். அது தன் குடும்பத்தின் கதையும் ஆகுமல்லவா?

தண்ணீர்ப் பாடமும் அப்படியே. துளசி, விஹார், தான்சா, மோடக் சாகர், மேல் வைதரணா, நடு வைதரணா, பாட்சா என்னும் ஏழு ஏரிகளின் நீர் மும்பைக் குழாய்களில் வருகிறது. நாகர்கோவில் பாட்டி வீட்டுக் கிணற்றையும் இந்தக் குழாயையும் ஒப்பிட்டுப் பேசினால் அதுவே பாடம். கழிவுப் பாடத்துக்கோ நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. 1927ஆம் ஆண்டு முதல் மாநகரின் குப்பையைத் தாங்கி மலையாக வளர்ந்த தேவ்னார் அருகிலேயே இருக்கிறது. நாம் எறியும் ஒவ்வொரு பையும் எங்கோ ஓரிடத்தில் போய்ச் சேருகிறது என்பதை அதனினும் தெளிவாக எந்தப் படமும் உணர்த்தாது.

இந்த முறைக் கல்விக்கு அணுசக்தி நகரின் பக்கத்திலேயே ஒரு முன்னோடி நிலையம் உண்டு என்பதைப் பலர் அறியார். டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம் 1974ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்று, மான்குர்டில் இயங்கி வருகிறது. தொடக்க வகுப்புகளுக்காக இம்மையம் உருவாக்கிய 'சிறு அறிவியல்' என்னும் பாடநூல் வரிசை, உயிருள்ளவை, உடல், உணவு, அளத்தல் முதலியவற்றைக் குழந்தையே கவனித்தும் செய்தும் கற்குமாறு அமைந்தது. தான் கண்டதைத் தன் சொற்களில் கூறுவதற்கும் வரைந்து காட்டுவதற்கும் அந்நூல்கள் முதன்மை அளித்தன. 'தன் சொற்கள்' என்பவை எவை? நம் குழந்தைக்கு அவை பெரும்பாலும் தமிழ்ச் சொற்களே. அவற்றை வாயடைத்துவிட்டு, அயல்மொழிச் சொல் வரும்வரை காத்திருக்கச் செய்தால், கவனித்தல் என்னும் பழக்கமே நின்றுவிடக்கூடும்.

பாட்டு, படம், விளையாட்டு, யோகம் ஆகியவையும் இன்று பாடங்களாகவே மதிக்கப்படுகின்றன. இவற்றில் வீட்டின் பங்கு வெளிப்படை, விரித்துரைக்க வேண்டுவதில்லை.

தமிழுக்கு என்ன வழி?

மும்பை மாநகராட்சி தமிழ் உள்ளிட்ட எட்டு மொழிகளில் பள்ளிகளை நடத்தி வருகிறது. தாராவிப் பகுதியில் தமிழ் வழியாகவே மூன்றாம் வகுப்பைப் படிக்கும் குழந்தைகள் இன்றும் உண்டு. மொழிச் சிறுபான்மையினரின் குழந்தைகளுக்குத் தொடக்க நிலையில் தாய்மொழிக் கல்விக்கு வசதி செய்து தருதல் வேண்டும் என்று அரசியலமைப்பின் 350அ பிரிவு கூறுகிறது. 1956ஆம் ஆண்டின் ஏழாவது திருத்தத்தால் சேர்க்கப்பட்ட பிரிவு அது. ஆயினும் மாற்றல் பணியில் உள்ள குடும்பங்கள் பெரும்பாலும் மத்திய வாரியப் பள்ளிகளையே நாடவேண்டியிருக்கிறது. அவர்களுக்கு வீடே தமிழ்ப் பள்ளி. தமிழ்நாட்டு அரசின் மூன்றாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூல் இணையத்தில் விலையின்றிக் கிடைக்கிறது. 2001ஆம் ஆண்டில் தமிழ் இணையப் பல்கலைக்கழகமாகத் தொடங்கி, இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம் என்று வழங்கும் நிறுவனம், வெளியூர்க் குழந்தைகளுக்கென்றே படிப்படியான சான்றிதழ்க் கல்வியை வைத்திருக்கிறது. நாளொன்றுக்குக் கால் மணி நேரம் ஒதுக்கினால், ஆண்டு முடிவதற்குள் குழந்தை பாட்டிக்குத் தன் கையால் நான்கு வரி எழுதும்.

இதுகாறும் கூறியவற்றால் ஒன்று தெளிவாகிறது. மூன்றாம் வகுப்பில் குழந்தை கற்பவை படித்ததன் பொருளை உணர்தல், எண்ணின் அமைப்பை அறிதல், பகிர்தல், அளத்தல், கவனித்தல், கண்டதைச் சொல்லுதல் என்னும் ஆறேழு திறன்கள். இவை எந்த மொழிக்கும் தனி உடைமை அல்ல. ஒரு மொழியில் விளங்கியது மற்றொரு மொழிக்குத் தானே பெயரும். பள்ளி அவற்றை ஆங்கிலத்திலும் இந்தியிலும் கற்பிக்கட்டும். வீடு அவற்றைத் தமிழில் கற்பிக்கலாம்.

நாம் முதலில் குறிப்பிட்ட அன்னையாரிடமும் இதனைத்தான் கூறினோம். தெரியாத சொல்லைத் தெரியாது என்று ஒப்புக்கொள்வதில் இழுக்கில்லை, "உன்தீஸ் எனக்குத் தெரியாது, நீ கேட்டு வந்து எனக்குச் சொல்லிக் கொடு, நான் உனக்கு இருபத்தொன்பதைச் சொல்லித் தருகிறேன்" என்று சொல்லலாமே என்றோம். சில வாரங்கள் கழித்து அவர்கள் இல்லத்துக்குச் சென்றிருந்தோம். சமையலறைத் தரையில் அரிசியும் ஆழாக்குமாகத் தாயும் மகனும் அமர்ந்திருந்தனர். சிறுவன் எங்களை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. "அம்மா, அரைப்படிக்கு இன்னும் எத்தனை ஆழாக்கு வேண்டும்?" என்று கேட்டுக்கொண்டிருந்தான்.